வாசகர் கேள்வி – பதில்: காரில்லாமல் ஆற்றோரம்

சென்ற இதழின் பயணப் பக்கத்தில், ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டப் பள்ளத்தாக்குகளைக் கார் இல்லாமலேயே, சைக்கிளையும் ரயிலையும் மட்டும் நம்பிச் சுற்றி வரலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு அழைப்புக்கும் விசாவுக்கும் காத்திருக்கும் பெற்றோர் திருகோணமலையில் எத்தனை பேர் என்பதை அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் காட்டிவிட்டன. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

கேள்வி: என் மகள் ஜேர்மனியில் கொப்லென்ஸ் நகரில் வசிக்கிறாள். அடுத்த வருடம் அங்கு வரும்படி எங்களை அழைத்திருக்கிறாள். "கார் இல்லாமல் இங்கே ஒன்றையும் பார்க்க முடியாது மாமா" என்கிறார் மருமகன். எனக்கு 63 வயது. ஓய்வு பெறும் வரை பாடசாலைக்குச் சைக்கிளில்தான் போய் வந்தேன். இந்த வயதில் ஆற்றோரமாகச் சைக்கிளில் போவது சாத்தியமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், உப்புவெளி

பதில்: தாராளமாகச் சாத்தியம். மருமகன் சொல்வது வேறு இடங்களுக்குப் பொருந்தலாம்; அவர் குடியிருக்கும் மோசல் பள்ளத்தாக்குக்குப் பொருந்தாது. பிரான்ஸின் வோஜ் மலைகளில் பிறந்து, லக்சம்பேர்க்கின் எல்லையாகச் சிறிது தூரம் ஓடி, பின் ஜேர்மனிக்குள் நுழையும் மோசல் ஆறு, 544 கிலோமீற்றர் ஓடி முடித்து உங்கள் மகளின் கொப்லென்ஸ் நகரில்தான் ரைன் நதியோடு கலக்கிறது. ரோமர் காலத்துக் கறுத்த மணற்கல் வாசல் இன்றும் நிற்கும் ட்ரியர் நகரிலிருந்து கொப்லென்ஸ் வரையான பகுதியில் ஆறு சுமார் 190 கிலோமீற்றர் வளைந்து வளைந்து வருகிறது. நேர்கோட்டில் அளந்தால் அதில் பாதிதான் இருக்கும். இத்தனை தூரத்திலும் அது இறங்கும் உயரம் நூறு மீற்றருக்கும் குறைவு. கப்பல்கள் போய்வருவதற்காகத் தடுப்பணைகளும் அவற்றில் கப்பலை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளும் கட்டி, 1964இல் அந்த வேலையை முடித்தார்கள். அதன்பின் ஆறு ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த நீண்ட குளங்களாக அமைதியாகிவிட்டது. கரையோரச் சைக்கிள் பாதையும் பெரும்பாலும் சமதரையாகவே கிடக்கிறது.

ஆற்றுப் பள்ளத்தாக்கும் திராட்சைத் தோட்டமும் சைக்கிள் பயணமும் ஒரே இடத்தில் கூடுவது தற்செயலன்று. வெயில் குறைந்த வடக்கில் திராட்சை பழுக்க வேண்டுமானால் தெற்கு நோக்கிய செங்குத்துச் சரிவு வேண்டும். அப்படிப்பட்ட சரிவுகளை வெட்டி வைத்திருப்பவை ஆறுகள்தாம். சரிவின் அடியில், தண்ணீர் ஓரமாக, முன்பு பீப்பாய்களைப் படகுக்குக் கொண்டுவந்த இடத்தில் கிராமங்களும் வீதியும் அமைந்தன. அந்த அடித்தரையில்தான் சைக்கிள் பாதையும் போகிறது. திராட்சைக்குச் செங்குத்து, சைக்கிளுக்குச் சமதரை. இரண்டும் அங்கே கையெட்டும் தூரத்தில் இருப்பதால், மலை ஏறாமலேயே மலைத் தோட்டம் முழுவதையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகலாம்.

நான் சொல்லும் வழி இதுதான். முதல் நாள் கொப்லென்ஸில் ரயில் ஏறுங்கள்; ஒன்றரை மணித்தியாலத்தில் ட்ரியரில் இறங்கிவிடலாம். அங்கிருந்து ஆற்றோடு சேர்ந்து மகளின் வீட்டை நோக்கித் திரும்பி வாருங்கள். ஒவ்வொரு நாளும் வீடு நெருங்கிக்கொண்டே வருவது வயதானவர்களுக்கு மனதளவில் பெரிய துணை. முதல் நாள் 25 கிலோமீற்றர் போதும். பிறகு நாளொன்றுக்கு 35, 40 என்று கூட்டலாம். அதற்குமேல் ஓடினால் கால் தாங்கும், ஆனால் கண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது. எங்கள் ஊர் வழியாக வெருகலைக் கடந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரைக்காரர், இன்று எத்தனை மைல் நடக்கலாம் என்று யோசிப்பதில்லை. இரவு எந்தக் கோயிலில் தங்கலாம் என்பதை வைத்தே பகலை அளக்கிறார்கள். நீங்களும் முதலில் இரவு தங்கும் கிராமத்தைத் தெரிவு செய்யுங்கள், தூரத்தைப் பிறகு பாருங்கள். பேர்ன்காஸ்ரல், திராபன்-திரார்பாக், கொஹெம் ஆகிய மூன்றும் தங்குவதற்கு ஏற்ற ஊர்கள்.

ரயில் விடயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கொப்லென்ஸிலிருந்து புல்லாய் வரை ரயில் பாதை ஆற்றை ஒட்டியே வருகிறது. கொஹெமுக்குப் பக்கத்தில் மட்டும் நான்கு கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கத்துக்குள் நுழைந்து ஒரு பெரிய வளைவைத் தவிர்த்துவிடுகிறது. புல்லாயிலிருந்து ஒரு கிளைப் பாதை திராபன்-திரார்பாக் வரை போய் அங்கேயே முடிந்துவிடும். அதற்கு மேலே, பேர்ன்காஸ்ரலைச் சுற்றிய நடுப்பகுதியில், ஆற்றோரமாக இன்று ரயில் இல்லை; ட்ரியர் ரயில் ஆற்றை விட்டு விலகிப் போகிறது. ஒருகாலத்தில் அங்கே ஓடிய சிறிய ரயிலை 1960களில் நிறுத்திவிட்டார்கள். அதன் தண்டவாளம் கிடந்த தரையில்தான் இப்போது சில இடங்களில் சைக்கிள்கள் ஓடுகின்றன. களைத்துப்போனால், கோடைக்காலத்தில் சைக்கிள் ஏற்றும் இழுவைப் பெட்டியோடு வரும் பஸ்ஸை அங்கே பிடிக்கலாம். அந்த மாநிலத்தின் உள்ளூர் ரயில்களில் வார நாட்களில் காலை 9 மணிக்குப் பின்னும், சனி ஞாயிறுகளில் நாள் முழுவதும், இடமிருந்தால் சைக்கிளுக்குக் கட்டணம் கேட்பதில்லை. அதிவேக ரயில்களில் இது நடக்காது. அவற்றில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம்.

முழங்காலில் நோவு இருந்தால் வெட்கப்படாமல் மின்சார சைக்கிளை வாடகைக்கு எடுங்கள். ஐரோப்பிய விதிப்படி அது மணிக்கு 25 கிலோமீற்றர் வேகம் வரைதான் உதவும், நீங்களும் மிதித்தால்தான் ஓடும், சாரதி அனுமதிப்பத்திரமும் தேவையில்லை. அங்கே உங்கள் வயதுக்காரர்களில் பலர் அதில்தான் போகிறார்கள்.

உங்களைப் போல நாற்பது வருடம் இடப்பக்கமாகவே மிதித்துப் பழகியவர்களுக்கு உண்மையான ஆபத்து வயதல்ல, வலப்பக்கம்தான். அங்கே எல்லா வாகனமும் வலப்பக்கமாக ஓடும். நேரான பாதையில் இது சுலபமாகப் பழகிவிடும். ஆனால் கடைக்கு இறங்கிவிட்டு மீண்டும் ஏறும்போதும், ஆளில்லாத சந்தியில் திரும்பும்போதும், கால் தன் பாட்டில் இடப்பக்கத்துக்கு இழுக்கும். அடையாளப் பலகை இல்லாத சந்தியில் வலது கைப்பக்கமிருந்து வருபவருக்கே முதலிடம் என்பதையும் மறக்க வேண்டாம். முதல் இரண்டு நாட்கள் மருமகனை முன்னால் போகவிட்டு, அவருக்குப் பின்னால் மிதியுங்கள். அவரும் காரை வீட்டில் விட்டுவிட்டு வரட்டுமே.

கேள்வி: நாங்கள் சைவர்கள்; குடிவகை தொடுவதில்லை, மாமிசமும் உண்பதில்லை. வைன் செய்யும் ஊர்களுக்குப் போய் நாங்கள் எதைப் பார்ப்பது? அங்கே எங்களுக்குச் சாப்பாடு கிடைக்குமா?
— வாசகி, தம்பலகாமம்

பதில்: வயலோடு வாழும் தம்பலகாமத்திலிருந்து வந்த கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வைனை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது கமம், அதிலும் உலகில் மிகக் கடினமான கமங்களில் ஒன்று.

மோசல் ஆற்றங்கரையில் பிரெம் என்ற ஊருக்கு மேலே கால்மொன்ட் என்றொரு சரிவு இருக்கிறது. சில இடங்களில் அதன் சாய்வு 65 பாகை வரை போகிறது. அத்தகைய இடத்தில் உழவு இயந்திரம் நிற்காது. மனிதரே நிற்பது கடினம். ஆகவே, பற்கள் வைத்த ஒற்றைத் தண்டவாளம் ஒன்றைச் சரிவில் பதித்து, ஓர் ஆள் உட்காரக்கூடிய சிறு இயந்திரத்தை அதில் ஓட்டுகிறார்கள். ஆட்களும் கூடைகளும் அதில்தான் ஏறி இறங்குகின்றன. யாழ்ப்பாணத்தில் நாம் பார்த்திருப்பது பந்தலில் படர்ந்த திராட்சை. இங்கே பந்தல் கிடையாது. ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு கம்பு. அந்தக் கம்பில் கொடியை நிறுத்தி, குளிர்காலக் கத்தரிப்புக்குப் பின் விடப்பட்ட இரண்டு கிளைகளை ஒன்றை இடப்புறமாகவும் மற்றதை வலப்புறமாகவும் வளைத்து, நுனியைக் கீழே கொண்டுவந்து கட்டுகிறார்கள். இலை வருவதற்கு முன் பார்த்தால் சரிவு முழுவதும் வரிசை வரிசையாக இதய வடிவில் வளையங்கள் தெரியும். வரிசைகளுக்கு நடுவே எந்தப் பக்கத்தாலும் நடந்து வேலை செய்யலாம் என்பதுதான் ஒற்றைக் கம்பின் பயன்.

தரையைக் குனிந்து பாருங்கள். மண்ணே தெரியாது, கைவிரல் தடிப்பில் தகடு தகடாகப் பிளந்த கருநீலக் கல்தான் மூடியிருக்கும். பகலில் அந்தக் கல் வெயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மழை வந்தால் மண் அரிக்காமல் காக்கிறது. சரிந்து கீழே வந்துவிடும் கல்லை மீண்டும் மேலே சுமந்து கொண்டுபோய்ப் போடும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. ஆற்று நீர் குளிரைத் தணிப்பதோடு வெயிலைச் சரிவின் மேல் திருப்பியும் அடிக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 50 பாகை வடக்கே திராட்சை பழுப்பதற்கு இத்தனையும் சேர வேண்டியிருக்கிறது.

ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்கு இன்னொரு செய்தி. 1860களில் அமெரிக்காவிலிருந்து தற்செயலாக வந்து சேர்ந்த பில்லொக்சரா என்னும் நுண்ணிய பூச்சி, பிரான்ஸில் தொடங்கி ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகளின் வேர்களைத் தாக்கி அழித்தது. மருந்தால் அதை வெல்ல முடியவில்லை. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டியதுதான் இறுதியில் தீர்வாயிற்று. நீங்கள் அங்கே பார்க்கப்போகும் கொடிகளில் மிகப் பெரும்பாலானவை இன்றும் அப்படி ஒட்டியவையே. அறுவடை செப்டெம்பர் நடுப்பகுதியில் தொடங்கி ஒக்டோபர் வரை போகும். அப்போது போலந்து, ருமேனியா போன்ற நாடுகளிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் சரிவில் நிறைந்திருப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றி. ஜேர்மனியில் திராட்சைச் செய்கையாளர் ஒருவர், வருடத்தில் நான்கு மாதங்கள் வரை, நாற்பது இருக்கைகளுக்கு மேற்படாமல், தன் வீட்டிலேயே தன் விளைச்சலையும் எளிய உணவையும் விற்கலாம். அதற்கு உணவகங்களுக்குரிய அனுமதி தேவையில்லை. திறந்திருக்கும் நாட்களில் வாசலில் ஒரு துடைப்பத்தையோ பச்சைக் கிளையையோ தொங்கவிடுவார்கள். ஒஸ்ரியாவிலும் இதே வழக்கம், அங்கே பைன் கிளை. அங்கு இந்த உரிமை பேரரசர் இரண்டாம் யோசப் 1784இல் இட்ட ஆணையிலிருந்து வருவது. அத்தகைய வீடுகளில் புளிக்காத திராட்சைச் சாறும் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். பாண், வெண்ணெய்க்கட்டி, உருளைக்கிழங்கு, தக்காளி என்று மரக்கறி உணவுக்கும் வழியுண்டு. சூப்பும் வதக்கிய உருளைக்கிழங்கும் வந்தால் மட்டும், பன்றிக்கொழுப்பு கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இலையுதிர் காலத்தில் வெண்மையாகக் கலங்கிய ஒரு பானத்தை வெங்காயப் பணியாரத்தோடு கொண்டுவந்து வைப்பார்கள். இனிப்பாக இருப்பதால் சாறு என்று எண்ணிவிட வேண்டாம். அது புளித்துக்கொண்டிருக்கும் வைன். ஞாயிற்றுக்கிழமை ஜேர்மனியில் கடைகள் அநேகமாக எல்லாம் பூட்டிக் கிடக்கும் என்பதால், சனிக்கிழமையே பழமும் பாணும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் பாரிஸில் இருக்கிறான். லுவார் ஆற்றோரச் சைக்கிள் பாதையை எந்தப் பக்கமாக ஓடுவது நல்லது? ஆறு ஓடும் திசையில் போனால் இலகு என்கிறார்களே?
— வாசகர், பாலையூற்று

பதில்: மோசலுக்கு நான் சொன்னது லுவாருக்குப் பொருந்தாது. லுவார் பிரான்ஸின் மிக நீளமான ஆறு. ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர். அதன் கீழ்ப்பகுதி மேற்கு நோக்கி அத்திலாந்திக் கடலுக்கு ஓடுகிறது. சரிவு மிகச் சிறியது என்பதால் ஆற்றோடு போவதால் காலுக்குப் பெரிய இலாபம் ஒன்றுமில்லை. காற்றோ பெரும்பாலும் கடலிலிருந்து, மேற்கிலிருந்து, வீசுகிறது. கச்சான் காற்று வீசும் நாட்களில் கந்தளாய்ப் பக்கமாகச் சைக்கிள் மிதித்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஆகவே ரயிலில் மேற்கே போய் இறங்கி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே, அதாவது ஆற்றுக்கு எதிர்த் திசையில், ஓடி வருவதே புத்தி. கடலை நோக்கிப் போய் முடிக்க வேண்டும் என்ற ஆசையில் பலர் மறுபக்கமாக ஓடுகிறார்கள்; அவர்கள் விருப்பம்.

நெவேர் நகருக்குப் பக்கத்திலிருந்து கடல் வரை அடையாளமிட்ட பாதை சுமார் 900 கிலோமீற்றர். அத்திலாந்திக்கிலிருந்து கருங்கடல் வரை போகும் நீண்ட ஐரோப்பியச் சைக்கிள் பாதையின் ஒரு பகுதி இதன் வழியாகவே போகிறது. முழுவதையும் முடிக்க வேண்டியதில்லை. ஆஞ்சே நகரிலிருந்து ஸோமூர் வழியாகத் தூர் வரை வருவது மூன்று நான்கு நாட்களுக்குத் தாராளமாகப் போதும். அந்தப் பக்கத்துக் கரைகள் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. அரண்மனைகளுக்குக் கல் வெட்டியெடுத்த குகைகளில் பிறகு ஆட்கள் குடியேறினார்கள், வைன் பீப்பாய்களை அடுக்கினார்கள், காளான் வளர்த்தார்கள். இன்றும் சிலவற்றுக்குள் போய்ப் பார்க்கலாம். கோடையிலும் உள்ளே குளிராக இருக்கும், மேலாடை ஒன்று கையில் இருக்கட்டும். அரண்மனைகள் மிகப் பல. எனக்கு இரண்டுக்கு மேல் பார்க்கப் பொறுமை இருப்பதில்லை.

ஓர்லியோன், தூர், ஆஞ்சே, நாந்த் ஆகிய நகரங்கள் ஆற்றோரமாகவே ஒரே ரயில் வழியில் வரிசையாக அமைந்திருப்பது இந்தப் பயணத்துக்குப் பெரிய வசதி. எந்த இடத்தில் மழை பிடித்தாலும் அடுத்த ஊரில் ரயில் ஏறிவிடலாம். சைக்கிள்காரரை வரவேற்கும் விடுதிகளுக்கென்று பிரான்ஸில் ஒரு தரச் சின்னம் உண்டு. பாதையிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்குள் இருந்து, சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் திருத்துவதற்கான கருவிகளும் வைத்திருந்தால்தான் அந்தச் சின்னம் கிடைக்கும். சிறிய ஊர்களில் பகல் 12 மணியிலிருந்து 2 மணிவரை உணவகம் தவிர மற்றதெல்லாம் மூடிவிடும். தண்ணீர்ப் போத்தல் வெறுமையானால் ஊர்ச் சுடலையைத் தேடுங்கள். அங்கே அநேகமாக ஒரு குழாய் இருக்கும். நமக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தாலும், அங்கே அனுபவமுள்ள சைக்கிள்காரர் எல்லோரும் செய்வது அதுதான்.

கேள்வி: இங்கிருந்தே என்னுடைய சைக்கிளைக் கொண்டுபோகலாமா?
— இளம் வாசகர், அன்புவழிபுரம்

பதில்: கொண்டுபோகலாம், ஆனால் ஒரு வாரப் பயணத்துக்கு அது வீண் பாரம். பெட்டி தேட வேண்டும், பெடலையும் காண்டிலையும் கழற்ற வேண்டும், விமானத்தில் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். வாடகைக்கு எடுப்பதே சுகம். மின்சார சைக்கிளென்றால் பேச்சுக்கே இடமில்லை. அதன் மின்கலத்தைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். இங்கிருந்து கொண்டுபோக வேண்டியது உங்களுக்குப் பழகிய சீற் ஒன்று மட்டுமே. அதைக் கழற்றிப் பூட்ட ஐந்து நிமிடம் போதும், ஆனால் அதன் அருமை மூன்றாம் நாளில்தான் தெரியும்.

கேள்வி: அங்கே வைன் குடித்துவிட்டுச் சைக்கிள் ஓடினால் பொலிஸ் பிடிக்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஓர்ஸ்ஹில்

பதில்: பிடிக்கும். பிரான்ஸில் கார் ஓட்டுபவருக்குள்ள அதே எல்லைதான் சைக்கிளுக்கும்: ஒரு லீற்றர் இரத்தத்தில் 0.5 கிராம். ஒஸ்ரியாவில் சைக்கிளுக்கு 0.8. ஜேர்மனியில் 1.6ஐத் தாண்டினால் எப்படி ஓடினாலும் குற்றம். தள்ளாடினாலோ விபத்து ஏற்பட்டாலோ 0.3இலிருந்தே வழக்குத் தொடரலாம். குடிப்பவர் இரவு தங்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, சைக்கிளைப் பூட்டிய பிறகு குடிக்கட்டும்.

கேள்வி: அலுவலக வேலையாக வியன்னா போகிறேன். ஒரே ஒரு நாள்தான் ஓய்வு கிடைக்கும். அதற்குள் பார்க்கக்கூடிய பள்ளத்தாக்கு ஏதாவது உண்டா?
— வாசகி, நிலாவெளி

பதில்: வாஹாவ் பள்ளத்தாக்கு உங்களுக்காகவே அமைந்தது போன்றது. பஸாவ் நகரிலிருந்து வியன்னா வரை டான்யூப் ஆற்றோரமாகப் போகும் சுமார் 320 கிலோமீற்றர் பாதையில், மெல்க்கிலிருந்து கிறெம்ஸ் வரையான 36 கிலோமீற்றர்தான் வாஹாவ். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. காலையில் வியன்னாவிலிருந்து மெல்க்குக்கு ரயிலில் போய், மலைமேல் இருக்கும் மடாலயத்தைப் பார்த்துவிட்டு, ஆறு ஓடும் திசையில் மிதித்து, மாலையில் கிறெம்ஸில் ரயில் ஏறிவிடலாம். சாந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய படிக்கட்டுத் தோட்டங்களில் திராட்சையும், கீழே அப்ரிகொட் மரங்களும் நிற்கும். அப்ரிகொட் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ பூக்கும், ஜூலையில் பழுக்கும். சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் 1192இன் இறுதியில் சிறைவைக்கப்பட்ட கோட்டையின் இடிபாடு டூர்ன்ஸ்ரைன் ஊருக்கு மேலே தெரியும். ஏறிப் பார்க்க நேரம் போதாது.

நேரத்தை ஸ்பிற்ஸ் என்ற ஊரின் படகுத் துறைக்கு ஒதுக்குங்கள். அங்கே ஆற்றைக் கடக்கும் மிதவைப் படகுக்கு இயந்திரம் இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பிவடம் கட்டப்பட்டிருக்கிறது. படகு அதில் கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்கிறது. படகுக்காரர் படகை நீரோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்பி வைத்தால், ஓடும் நீரே அதைப் பக்கவாட்டில் தள்ளி அக்கரை சேர்த்துவிடும். திரும்பி வருவதற்குச் சாய்வை மறுபக்கமாக மாற்றினால் போதும். கார்களும் ஏறுகின்றன, ஆனால் ஓசை என்பது பலகையில் தண்ணீர் மோதுவது மட்டும்தான்.

கேள்வி: இவ்வளவு தூரம் போக எங்களிடம் பணமில்லை. மகாவலி இங்கேதானே கடலில் விழுகிறது? இங்கே இப்படி ஒரு பயணம் செய்ய முடியாதா?
— வாசகர், கிண்ணியா

பதில்: முடியும், ஆனால் மோசலை மனதில் வைத்துக்கொண்டு புறப்பட்டால் ஏமாற்றமாக இருக்கும். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, கொட்டியாரக் குடாவை அடையும்போது பள்ளத்தாக்காக இல்லை. வயலும் கண்டலுமாகப் பரந்த சமவெளியாகிவிடுகிறது. ஆற்றை ஒட்டித் தொடர்ச்சியான பாதையும் இல்லை. நமக்கு வாய்த்திருப்பது ஆறுகளைக் குறுக்காகக் கடக்கும் பயணம். உங்கள் ஊரிலிருந்து மூதூர் வழியாக வெருகல் வரை போகும் மட்டக்களப்பு வீதியில் முன்பு துறைக்குத் துறை இறங்கி மிதவைக்குக் காத்திருந்ததை மூத்தவர்கள் சொல்வார்கள். 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலத்துக்குப் பிறகு மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்துவிட்டதால், இப்போது ஒரே மூச்சில் மிதிக்கலாம்.

விடியும் முன் புறப்பட்டு, பத்து மணிக்குள் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். நம் வெயிலுக்கு வேறு உபாயம் இல்லை. இரண்டு நாளாகப் பிரித்து, வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். மாசி முதல் ஆனி வரையான மாதங்கள் ஏற்றவை. மார்கழி வெள்ளத்தில் வேண்டாம். இந்த வீதியில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை கிடையாது. பஸ் வரும் சத்தம் கேட்டால் மண்ணில் இறங்கி நின்றுவிடுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை. கந்தளாய்ப் பக்கம் போகிறவர்கள் யானையை நினைத்து, பொழுது சாய்வதற்கு முன் வீதியை விட்டு விலகிவிட வேண்டும். தம்பலகாமத்து ஆதிகோணேஸ்வரம் வரை வயல் நடுவே போகும் சிறு வீதிகள், என்னைக் கேட்டால், பிரதான வீதியைவிடப் பத்து மடங்கு நல்லவை.

கேள்வி: மோசல் மூன்று நாடுகளில் ஓடுகிறது என்றால் மூன்று விசா எடுக்க வேண்டுமா?
— வாசகி, சாம்பல்தீவு

பதில்: வேண்டியதில்லை. பிரான்ஸ், லக்சம்பேர்க், ஜேர்மனி மூன்றும் ஷெங்கன் உடன்படிக்கைக்குள் இருப்பவை; ஒரே விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கலாம். அதிக நாள் தங்கப்போகும் நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அதை எடுக்கும்போது, சைக்கிளிலிருந்து விழுந்தால் ஏற்படும் செலவையும் அது ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷெங்கன் என்பதே மோசல் கரையிலுள்ள ஒரு சிறிய லக்சம்பேர்க் திராட்சைக் கிராமம். 1985ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் திகதி ஆற்றில் நின்ற ஒரு பயணிகள் கப்பலில் வைத்துத்தான் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பாலத்தைக் கடந்தால் மறுகரை ஜேர்மனியின் பேர்ல். அங்கிருந்து ட்ரியர் வரை ஆற்றோரமாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர், ரயிலும் உண்டு. லக்சம்பேர்க்கில் 2020 முதல் பஸ்ஸுக்கும் ரயிலின் சாதாரண வகுப்புக்கும் கட்டணமே கிடையாது. ஆகவே உப்புவெளி ஆசிரியருக்குச் சொன்ன பயணத்தோடு ஒரு நாளைக் கூட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள், ட்ரியருக்குப் பதிலாக இங்கிருந்தே தொடங்கலாம்.